பள்ளித் தோழர்களை மீண்டும் ஒன்றுசேர்க்கப் புறப்படுகிறவர்களுக்கு

தஞ்சாவூர் மாவட்டத்தின் கடலோரப் பகுதியில், பட்டுக்கோட்டைக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரின் பள்ளியில் 1990 மார்ச்சில் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியவர்கள் நாங்கள். ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு, 2025ஆம் ஆண்டுப் பொங்கல் விடுமுறையில் ஒன்றுகூடினோம். அந்த ஒரு நாள் மனம் நிறைய நடந்தேறியது. அதைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. அதற்கு முந்தைய மாதங்களைப் பற்றித்தான் எழுத வேண்டும். உடன்படித்தவர்களில் பெரும்பாலோர் சிங்கப்பூர், வளைகுடா நாடுகள், திருப்பூர், சென்னை என்று போய்விட்டார்கள். நான் ஊரிலேயே இருந்து ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக வேலை பார்க்கிறேன். “நீதானே உள்ளூர்ல இருக்கே” என்ற ஒரு காரணத்தால், ஆள்களைத் தேடுவது முதல் இலைக் கணக்குச் சொல்வது வரை எல்லாம் என்னிடமே வந்து சேர்ந்தன. என் சம்பளக் கணக்கு முடங்கி, வீட்டுக் கடன் தவணை கட்ட வழியில்லாமல் நின்ற வாரங்களில், இப்படியெல்லாம் நடக்கும் என்று முன்பே அனுபவப்பட்ட ஒருவர் சொல்லியிருக்கக் கூடாதா என்று பலமுறை ஏங்கியிருக்கிறேன். அதனால்தான் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

முதல் வேலை பெயர்ப் பட்டியல். தலைமை ஆசிரியரிடம் எழுத்துமூலம் விண்ணப்பித்து, பள்ளி அலுவலகத்திலேயே அமர்ந்து சேர்க்கைப் பதிவேட்டைப் பார்க்க அனுமதி பெற்றேன். நகல் எடுக்க அனுமதிக்கவில்லை. அது சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன். அந்தப் பதிவேட்டில் பெயரோடு பிறந்த தேதி, தகப்பனார் பெயர், அவருடைய தொழில், சாதி எல்லாம் ஒரே வரியில் எழுதப்பட்டிருக்கும். “பக்கத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் போடு, நாங்களே பார்த்துக்கொள்கிறோம்” என்று ஒருவர் வற்புறுத்தினார். நான் மறுத்து, பெயரையும் முன்னெழுத்தையும் ஊரையும் மட்டும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வந்தேன். ஐம்பது வயதில் ஒன்றுகூட நினைப்பவர்களின் கைப்பேசிக்குள், யார் எந்தச் சாதி என்ற பட்டியல் ஒரே படமாக வந்து விழுந்திருந்தால் அந்தக் குழு ஒரு வாரம்கூட நிலைத்திருக்காது. உங்கள் பள்ளியில் நகல் எடுக்க அனுமதித்தாலும் எடுக்க வேண்டாம் என்பதே என் வேண்டுகோள்.

பதிவேட்டைப் புரட்டும்போதுதான் ஓர் உண்மை உறைத்தது. 1985இல் ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர்களில் கணிசமானோர் 1990 தேர்வை எழுதவே இல்லை. எட்டாம் வகுப்போடு நின்று மாடு மேய்க்கவோ, படகில் ஏறவோ, தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ளவோ போனவர்கள் அவர்கள். தேர்வு எழுதித் தவறியவர்கள் இன்னொரு கூட்டம். அந்தக் காலத்தில் தேர்வு முடிவு நாளிதழில் பதிவு எண்களாக வரும். தன் எண் இல்லாத பக்கத்தை வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்ற பையன்களையும் பெண்களையும் நம்மில் பலர் கண்டிருக்கிறோம். அவர்களில் ஒரு தோழியின் வீட்டுக்குப் போய் அழைத்தபோது, கையிலிருந்த முறத்தைக் கீழே வைக்காமலே, “நான்தான் பாஸாகலையேடி, எனக்கு எதுக்கு அதெல்லாம்” என்றாள். எங்கள் முதல் அழைப்பில் “1990ஆம் ஆண்டு பத்தாம் வகுப்பு முடித்தவர்கள்” என்று இருந்தது. அன்று இரவே குழுவில் பேசி, “1985இல் ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர்களும் அதன்பின் எந்த வகுப்பிலாவது நம்மோடு படித்தவர்களும்” என்று மாற்ற வைத்தேன். அந்த மாற்றத்துக்குப் பிறகு வரத் தொடங்கியவர்களில் சிலர்தான் எங்கள் குழுவிலேயே அதிகமான நினைவுகளைச் சொன்னவர்கள். முடித்த ஆண்டை வைத்து அழைக்காதீர்கள்; சேர்ந்த ஆண்டை வைத்து அழையுங்கள்.

பெண்களைத் தேடுவது வேறு விதமான வேலை. திருமணத்துக்குப் பிறகு தகப்பனாரின் முன்னெழுத்துப் போய்க் கணவரின் முன்னெழுத்து வந்துவிடும் என்பதால் முகநூலில் பெயரை வைத்துத் தேடினால் ஒருவரும் கிடைக்க மாட்டார்கள். பிறந்த வீட்டைத் தேடிப் போய், அண்ணன் தம்பியிடமோ அம்மாவிடமோ கேட்டுத்தான் எண் வாங்க வேண்டும். அந்த வீட்டு வாசலில் ஓர் ஆண் போய் நின்று “உங்க தங்கச்சியோட நம்பர் வேணும்” என்று கேட்பது எந்த நல்லெண்ணத்தோடு இருந்தாலும் சிக்கல்தான். எங்கள் வகுப்பில் ஐந்து ஆண்டுகள் ஒரே அறையில் உட்கார்ந்திருந்தும் ஆண்களும் பெண்களும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. இப்போது குழுவில் ஒருவரை ஒருவர் ‘நீ’ என்பதா ‘நீங்க’ என்பதா என்று தெரியாமல் முதல் வாரம் முழுவதும் எல்லோரும் பெயர் சொல்லாமலே பேசினார்கள். ஆகவே பெண்களைத் தொடர்புகொள்ளும் பொறுப்பைப் பெண்களிடம் மட்டுமே கொடுங்கள். எண் கிடைத்ததும் குழுவில் சேர்த்துவிடாமல், முதலில் தனியாகப் பேசி, குழுவில் யார் யார் இருக்கிறார்கள், எண் எல்லோருக்கும் தெரியும், வேண்டாம் என்றால் சந்திப்புக்கு மட்டும் வரலாம் என்ற மூன்றையும் சொல்லிவிட்டுச் சம்மதம் கேளுங்கள். எங்களில் இரண்டு பெண்கள் கடைசி வரை குழுவில் சேரவில்லை. அவர்களுக்குச் செய்திகளைத் தொலைபேசியில் நானே சொல்லிக்கொண்டிருந்தேன். இருவருமே சந்திப்புக்கு வந்தார்கள்.

குழு தொடங்கியதும் நினைவுகள் கொட்டத் தொடங்கின. எம்.ஜி.ஆர். மறைந்த 1987 டிசம்பர் 24ஆம் தேதி யார் எங்கே இருந்தார்கள் என்பதே இரண்டு நாள் ஓடியது. அப்போது நாங்கள் எட்டாம் வகுப்பு. பேருந்து நின்றுபோனதால் அத்தை வீட்டிலிருந்து நடந்தே ஊர் திரும்பியதை ஒரு தோழி வயல் வரப்பு உட்பட ஒன்றுவிடாமல் எழுதினாள். பத்தாம் வகுப்பில் எடுத்த குரூப் போட்டோ ஒன்று வேண்டும் என்று எல்லோரும் கேட்டார்கள். 2018 நவம்பரில் வந்த கஜா புயலில் எங்கள் பகுதியில் தென்னைகளோடு ஓட்டு வீடுகளின் கூரையும் போயிற்று. சுவரில் மாட்டியிருந்த படங்கள், பெட்டியில் இருந்த சான்றிதழ்கள் எல்லாம் மழையில் ஊறிப் போயின. என்னிடம் இருந்த படமும் அப்படித்தான் அழிந்தது. கடைசியில் திருப்பூரில் இருக்கும் ஒருவரிடம் ஒரு பிரதி கிடைத்தது. வலது ஓரம் செல்லரித்து மூன்று பேருக்குத் தோளுக்கு மேல் ஒன்றுமில்லை. அந்த மூவர் யார் என்பதைச் சட்டையையும் நின்ற வரிசையையும் வைத்துக் கண்டுபிடிக்க ஒரு மாலை முழுக்க எல்லோரும் முயன்றதுதான், என்னைப் பொறுத்தவரை, இந்தச் சந்திப்பின் மிக அழகான பகுதி. பழைய படம் கிடைத்தால் கைப்பேசியில் மேலோட்டமாகப் படமெடுக்காமல், ஸ்டூடியோவில் கொடுத்து உயர்ந்த தரத்தில் ஸ்கேன் செய்து, எந்த வரிசையில் யார் என்பதை எழுதிச் சேர்த்து வைத்துவிடுங்கள். பெயர் சொல்லத் தெரிந்தவர்கள் ஆண்டுக்காண்டு குறைந்துகொண்டே வருவார்கள்.

அதே குழுவில்தான் என்னை மிகவும் வருத்திய ஒன்றும் நடந்தது. 1984இல் சத்துணவுத் திட்டம் பத்தாம் வகுப்பு வரை நீட்டிக்கப்பட்டதால் எங்களில் பலர் பள்ளியில்தான் மதிய உணவு சாப்பிட்டோம். 1989இல் கலைஞர் ஆட்சியில் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை தரத் தொடங்கினார்கள். அதை நினைவுகூர்ந்த ஒரு நண்பர், முட்டை போடும் நாளில் மட்டும் பள்ளிக்கு வந்தவர்கள் என்று நான்கைந்து பேரின் பட்டப்பெயர்களைப் போட்டு எழுதினார். நிறையச் சிரிப்புப் பொம்மைகள் விழுந்தன. மறுநாள் காலை அதில் ஒருவர் குழுவிலிருந்து விலகியிருந்தார். நான் தொலைபேசியில் அழைத்தபோது எடுத்தது அவருடைய மகன். அது மகனுடைய கைப்பேசி என்பதும், தந்தைக்குத் தனியாக வாட்ஸப் இல்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. இரவு வேலை முடிந்து வந்த மகன்தான் அந்தச் செய்திகளை முதலில் படித்திருக்கிறான். பின்னர் நண்பர் பேசினார். கோபப்படவில்லை. “நான் சாப்பிட்டது உண்மைதாங்க. அதைப் பையனுக்கு நான் சொல்ற விதத்துல சொல்லணும்னு இருந்தேன்” என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்கு என்னிடம் பதில் இல்லை.

எழுதிய நண்பர் கெட்டவர் அல்லர். அவரும் அதே வரிசையில் தட்டோடு நின்றவர்தான், அதனால் அதைப் பற்றிப் பேசும் உரிமை தனக்கு உண்டு என்று நினைத்துவிட்டார். நான் சொல்லியதும் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ஆனால் இது எல்லாக் குழுக்களிலும் நடக்கக்கூடியது. நம் வயதுக்காரர்கள் பலருடைய கைப்பேசியை மகனோ மகளோ மருமகளோதான் இயக்குகிறார்கள். நாம் வகுப்புத் தோழனுக்கு எழுதுவதாக நினைத்து அவனுடைய குடும்பத்துக்கு எழுதிக்கொண்டிருக்கிறோம். பிரம்படி, பட்டப்பெயர், வறுமை, அந்தக் கால விருப்பங்கள் ஆகிய நான்கையும் அவரவர் தம்மைப் பற்றி மட்டும் எழுதலாம், பிறரைப் பற்றி எழுதக் கூடாது என்று அன்றே ஒரு விதி வைத்தோம். கடைசியாகச் சொன்னதற்கு விளக்கம் தேவையில்லை என்று நினைக்கிறேன். யார் யாரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்ற பதினைந்து வயதுக் கதை, இன்று ஒரு பெண்ணின் வீட்டில் எத்தனை நாள் பேச்சாக மாறும் என்பதை எழுதுகிறவர் அறிய மாட்டார்.

இனிப் பணம். ஒருவருக்கு இரண்டாயிரம் ரூபாய், வெளிநாட்டில் இருப்பவர்கள் விருப்பம்போல் கூடுதலாகத் தரலாம் என்று முடிவாயிற்று. தனிக் கணக்குத் தொடங்கலாம் என்று நான் சொன்னதற்கு, ஒருநாள் விழாவுக்கு எதற்கு அதெல்லாம், உன் எண்ணுக்கே ஜிபே செய்துவிடுகிறோம் என்றார்கள். பணம் வந்துகொண்டிருந்தது, நானும் யார், எப்போது, எவ்வளவு என்று நோட்டில் எழுதி வாரந்தோறும் குழுவில் போட்டுவந்தேன். வளைகுடாவில் இருக்கும் ஒரு நண்பர் பத்தாயிரம் அனுப்பிவிட்டதாகச் சொன்னார். பணம் வந்திருந்தது, ஆனால் அனுப்பியவர் பெயர் அவருடையது அல்ல. எனக்கு அறிமுகமே இல்லாத ஒருவருடையது. கேட்டதற்கு, அங்கே திர்ஹமாகக் கொடுத்தால் இங்கே உடனே ரூபாயாகப் போட்டுவிடும் ஆள் மூலம் அனுப்பியதாகச் சொன்னார். எங்கள் பகுதியில் உண்டியல் என்பார்கள். சட்டத்துக்குப் புறம்பானது என்றாலும், அங்கே உழைப்பவர்களில் பலர் நல்ல விலை கிடைக்கிறது என்று அதைப் பயன்படுத்தத்தான் செய்கிறார்கள்.

அடுத்த மாதம் சம்பளம் வந்த மறுநாள், மளிகைக் கடையில் பணம் அனுப்ப முயன்றேன். போகவில்லை. ஏடிஎம்மிலும் எடுக்க முடியவில்லை. வங்கிக் கிளைக்குப் போனால், சைபர் கிரைம் புகாரால் கணக்கு முடக்கப்பட்டிருக்கிறது, எங்கள் கையில் ஒன்றுமில்லை என்றார்கள். நடந்தது இதுதான். வேறொரு மாநிலத்தில் யாரையோ ஏமாற்றிப் பறித்த பணம், கைமாறிக் கைமாறி அந்த முன்பின் தெரியாதவரின் கணக்குக்கு வந்து, அதில் பத்தாயிரம் என் கணக்குக்கு வந்திருக்கிறது. ஏமாந்தவர் 1930 என்ற எண்ணில் புகார் செய்ததும், அந்தப் பணம் போன தடத்திலுள்ள கணக்குகள் ஒவ்வொன்றாக நிறுத்தப்படுகின்றன. அந்த முறை ஏமாந்தவரைக் காப்பாற்றுவதற்காக உள்ளது. அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் அந்தத் தடத்தில் ஒரு பள்ளி விழாவுக்குப் பணம் வசூலித்தவளும் சிக்கிக்கொள்வாள் என்பதை நான் எங்கேயும் கேள்விப்பட்டதில்லை.

அந்த வாரங்களில் நான் பட்ட அவமானத்தை எழுதத்தான் வேண்டும். கூட்டுறவுச் சங்கத்தில் பணம் எண்ணும் வேலை பார்ப்பவளின் கணக்கு போலீஸ் புகாரில் முடங்கியிருக்கிறது என்றால் ஊர் என்ன பேசும் என்ற பயத்தில், வீட்டுக்காரரைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. வீட்டுக் கடன் தவணை பணமின்றித் திரும்பியது. அதற்கு அபராதமாக 590 ரூபாய், அதற்கு மேல் கடன் கணக்கில் தாமத வட்டி. செலவுக்கு நகையை அடகு வைத்தேன். குழுவில் நிலைமையைச் சொன்னதும், அதுவரை நாளெல்லாம் பாட்டும் படமும் ஓடிய இடம் அமைதியாகிவிட்டது. இரண்டு பேர் மட்டும் தனியாக அழைத்து என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார்கள். வசூல் பணம் பத்திரமாக இருக்கிறதா என்று கேட்டவர்கள் அதைவிட அதிகம். அந்தக் கேள்வி நியாயமானதுதான். ஆனாலும் வலித்தது.

இந்த நிலையில் செய்ய வேண்டியவற்றை நான் தடுமாறித்தான் கற்றேன். முதலில், வங்கி மேலாளரிடம் எழுத்துமூலம் மனுக் கொடுத்து, புகாரின் ஒப்புகை எண், எந்த மாநிலத்தின் எந்தக் காவல் நிலையம், அதன் மின்னஞ்சல் முகவரி, சர்ச்சைக்குரிய தொகை எவ்வளவு என்ற விவரங்களை எழுத்திலேயே வாங்க வேண்டும். வாய்மொழியாகக் கேட்டால் ‘மேலிடத்தில் கேளுங்கள்’ என்ற பதில்தான் கிடைக்கும். இரண்டாவது, சர்ச்சைக்குரிய தொகையை மட்டும் நிறுத்திவைத்து மற்றதை விடுவிக்கும்படி வங்கிக்கும் அந்தக் காவல் நிலையத்துக்கும் மனு அனுப்ப வேண்டும். சந்தேகத் தொகைக்கு மேல் முழுக் கணக்கையும் முடக்குவது சரியல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் உட்பட சில உயர் நீதிமன்றங்கள் கூறியிருப்பதை ஒரு வழக்கறிஞர் எடுத்துச்சொல்லி, மனுவில் குறிப்பிட்டுத் தந்தார். மூன்றாவது, பணம் எதற்காக வந்தது என்பதற்கான சான்று. நான் வாரந்தோறும் குழுவில் போட்டிருந்த வரவுக் கணக்கு, அழைப்பிதழ், அந்த நண்பர் ‘அனுப்பிவிட்டேன்’ என்று எழுதிய செய்தி, அவருடைய கையெழுத்திட்ட விளக்கக் கடிதம் ஆகியவைதான் என்னைக் காப்பாற்றின. இரண்டு மாதங்களுக்கு மேல் ஆன பிறகு கணக்கு விடுவிக்கப்பட்டது. அந்தப் பத்தாயிரம் மட்டும் இன்னும் நிறுத்தத்தில் இருக்கிறது. நண்பர் அதை என்னிடம் கேட்கவில்லை. விழாவுக்குத் தன் பங்கை வேறு வழியில் தந்துவிட்டார்.

ஆகவே வசூலுக்கென்று, சம்பளமோ ஓய்வூதியமோ கடன் தவணையோ தொடாத ஒரு தனிச் சேமிப்புக் கணக்கு கட்டாயம் வேண்டும். இரண்டு பேர் பெயரில் இருந்தால் இன்னும் நல்லது. பணம் அனுப்புகிறவர் தம் பெயரிலுள்ள கணக்கிலிருந்தே அனுப்ப வேண்டும். மைத்துனர், கடைக்காரர், தெரிந்த ஆள் யார் மூலமும் வேண்டாம் என்று முதல் அறிவிப்பிலேயே எழுதிவிடுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள், வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கென்று இங்குள்ள வங்கிகள் தரும் என்.ஆர்.ஈ. அல்லது என்.ஆர்.ஓ. கணக்கு தங்கள் பெயரில் இருந்தால் அதிலிருந்து அனுப்பட்டும், அல்லது ஊருக்கு வரும்போது கையில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளட்டும்.

மண்டபத்தில் இழந்தது பதினைந்தாயிரம். முதலில் ஆவணி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை முடிவு செய்து முன்பணம் கட்டியிருந்தோம். சிங்கப்பூர் நண்பர்களுக்கு விடுப்புக் கிடைக்காததால் தேதி பொங்கலுக்கு மாறியது. ரசீதின் பின்புறம் முன்பணம் திருப்பித் தரப்பட மாட்டாது என்று அச்சிட்டிருந்ததால் ஒரு ரூபாயும் வரவில்லை. வெளிநாட்டுக்காரர்களின் விடுப்பு உறுதியாகும் வரை மண்டபம் பேசாதீர்கள். பேசினால், தேதி மாற்றத்துக்கு ஒப்புக்கொள்வதாக ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். சமையல்காரரிடம் இலைக் கணக்கை, வருகிறேன் என்றவர்களின் எண்ணிக்கையை வைத்துச் சொல்லாமல் பணம் கட்டியவர்களின் எண்ணிக்கையை வைத்துச் சொல்லுங்கள். எங்களுக்கு இரண்டுக்கும் இடையே இருபது இலைக்கு மேல் வித்தியாசம் இருந்தது.

மறைந்த தோழர்களுக்கான நினைவஞ்சலிப் பதாகையைச் சந்திப்புக்கு முந்தைய வாரம் அடிக்கக் கொடுத்திருந்தோம். ப்ளக்ஸ் கடையில் கணினித் திரையில் பெயர்களைச் சரிபார்த்தபோது, ஒரு பெயருக்கு முன்னால் இருந்த எழுத்து மாறியிருந்தது. அதே பெயரில் எங்கள் வகுப்பில் இருவர் இருந்தார்கள். முன்னெழுத்தால்தான் அவர்களைப் பிரித்துச் சொல்வோம். ஒருவர் இறந்துவிட்டார், மற்றவர் உயிரோடு இருக்கிறார், சந்திப்புக்கும் வருகிறார். குழுவில் யாரோ எழுதியதை அப்படியே எடுத்துக் கடைக்கு அனுப்பியிருக்கிறார்கள். மறைந்தவர்களின் பெயரைக் குழுவில் கேட்டு முடிவு செய்யாமல், ஒவ்வொருவரின் வீட்டுக்கும் ஒருவர் நேரில் போய் உறுதிசெய்து, பெயரைப் போடச் சம்மதமும் கேட்டு வருவதே முறை. அப்படிப் போன ஒரு வீட்டில், மகன் இறந்து பல ஆண்டுகள் ஆன ஒரு தாய், தானும் வரலாமா என்று கேட்டார். வந்தார். ஆசிரியர்களுக்குப் போட்ட முன்வரிசையில் அவருக்கும் நாற்காலி போட்டோம்.

அடுத்த சந்திப்பை 2027 மே விடுமுறையில் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவாகியிருக்கிறது. பொறுப்பு இப்போது மூன்று பேரிடம். அதில் ஒருவர் பெண், ஒருவர் வெளிநாட்டில் இருப்பவர். கணக்கு இருவர் பெயரில் தொடங்கப்பட்டுவிட்டது. சத்துணவு பற்றிய பேச்சால் விலகிப்போன நண்பர் சொந்தமாக ஒரு கைப்பேசி வாங்கி மீண்டும் குழுவில் சேர்ந்திருக்கிறார். என்னிடம் இருந்த பெயர் நோட்டை மூவரிடமும் ஒப்படைத்துவிட்டேன். இன்னும் கண்டுபிடிக்காதவர்கள் என்று அதில் பதினொரு பெயர்கள் இருக்கின்றன.